ஏழு மீட்டர் அறுபத்தேழு

ஜூலை 8, திங்கள்

காலையில் மைதானத்தில் ஆறு சுற்று ஓட்டம். முழங்கால் பரவாயில்லை.

பிரேயர் முடிந்ததும் தலைமையாசிரியை ரெஜினா மேரி மேடம் அறைக்கு அழைத்தார். இரண்டு விஷயங்கள். முதலாவது, கணக்கு எடுக்கும் விசாலாட்சி டீச்சர் மகளின் பிரசவத்துக்காக ஓசூர் போகிறார், இந்த மாதம் முடியும்வரை விடுப்பு. ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு அதுவரை நான் கணக்கு எடுக்க வேண்டும்.

"நான் பி.டி. வாத்தியாருங்க மேடம்."

"டிகிரி படிச்சவர்தானே சார். புக்கு இருக்குது, கைடு இருக்குது. வேற ஆளில்ல."

இரண்டாவது, இந்த வருடக் குறுவட்ட விளையாட்டுப் போட்டி நம் பள்ளி மைதானத்தில். ஆகஸ்ட் முதல் தேதி, பதினோரு பள்ளிகள். இருபத்தாறாம் தேதி அதிகாரி வந்து ஓடுபாதையைப் பார்ப்பார். சரியில்லை என்றால் போட்டி தாராபுரத்தில் ஒரு தனியார் பள்ளிக்குப் போய்விடும். நத்தக்காட்டுப்புதூருக்கு இப்படி ஒரு போட்டி வருவது இதுதான் முதல்முறை.

இரண்டுக்குமே "ஆகட்டுங்க மேடம்" என்றேன். வீட்டுக்கு வந்து மனைவி சரோஜினியிடம் இரண்டாவதை மட்டும் சொன்னேன்.

ஜூலை 9, செவ்வாய்

முதல் கணக்கு வகுப்பு. கழுத்தில் விசிலோடு நான் நுழைந்ததும் முப்பத்து நாலு பேரும் விளையாட்டு பீரியட் என்று நினைத்து வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்கள். சாக்பீஸை எடுத்ததும் ஒவ்வொருவராகத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள்.

புத்தகத்தைப் பிரிக்கச் சொல்லி, "யாரு வந்து போடறது?" என்று கேட்டேன். ஹக்கீம் வந்து போட்டான். தையல்கடை சையது பாயின் மகன், சூட்டிகையான பையன். அடுத்ததையும் அவனே போட்டான். பிள்ளைகளே செய்து பழகட்டும் என்றுதான் நான் போர்டுப் பக்கம் போகவில்லை.

ஜூலை 10, புதன்

மைதானத்தை அளந்தேன். அகலம் அறுபது மீட்டர், அதில் குறையில்லை. நீளம் முன்பு தொண்ணூற்றைந்து. இப்போது எண்பத்தேழு. பெண் பிள்ளைகளுக்குக் கட்டிய புதுக் கழிப்பறை எட்டு மீட்டரை எடுத்துக்கொண்டது. ஒன்பது வருடம் கேட்டுக் கேட்டு வாங்கியது. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஓடுபாதை? எனக்கு முன்னால் இங்கிருந்தவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். நேர்ப்பகுதி 45 மீட்டர், வளைவுக்கு ஆரம் 17.5, ஸ்டேகர் 7.67. ஸ்டேகர் என்றால், வெளிப்பாதையில் ஓடுகிறவருக்கு வளைவில் தூரம் கூடும் என்பதால் அவரைக் கொஞ்சம் முன்னால் நிறுத்துவது. பத்தொன்பது வருடமாக அந்தத் தாளைப் பார்த்துத்தான் கோடு போடுகிறேன். எண்கள் எங்கிருந்து வந்தன என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இன்று அதே அளவில் முளைக்குச்சி அடித்துப் பார்த்தேன். நான்கு பாதைகளையும் சேர்த்தால் இரண்டரை மீட்டர் இடிக்கிறது. கடைசிப் பாதை கழிப்பறைத் தொட்டி மேல் போகிறது.

ஜூலை 11, வியாழன்

பிள்ளைகளின் அறிவைச் சோதிக்கலாம் என்று ஒரு கணக்கு கொடுத்தேன். 87 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம். இதற்குள் 200 மீட்டர் ஓடுபாதை வேண்டும், எப்படிப் போடுவாய்?

"சதுரமாப் போட்டுரலாங்க சார். நாலு பக்கமும் அம்பது அம்பது," என்றான் ஹக்கீம்.

அபிதா எழுந்தாள். இந்தப் பள்ளியிலேயே வேகமாக ஓடுகிறவள். "மூலையில எப்படிடா திரும்புவ? ஓடி வர்ற வேகத்துல செவுத்துலதான் போய் முட்டுவ."

"அப்ப பிரேக் போடு."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். விடை இன்னும் வரவில்லை. அவர்களுக்கு நேரம் கொடுக்க வேண்டும்.

ஜூலை 12, வெள்ளி

வகுப்பை மைதானத்துக்கே கூட்டிப் போய்விட்டேன். இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி நட்டு, அவரவர் காலடி எவ்வளவு நீளம் என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். ஒருமுறை நடந்து, எண்ணி, வகுத்துவிட்டு எல்லோரும் வேப்பமர நிழலுக்குப் போய்விட்டார்கள். ஒரு பெண் மட்டும் திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருந்தாள். பூவிழி, கடைசி பெஞ்ச். போன தேர்வில் கணக்கில் பதினொரு மதிப்பெண்.

"ஏம்மா இத்தனை தடவை?"

"மொத தடவை முப்பத்தொண்ணு வந்துச்சுங்க சார். நம்ப முடியல. மறுக்கா நடந்தா முப்பத்தி மூணு. அப்புறம் முப்பத்தி ரெண்டு. அதனால நடுவால முப்பத்தி ரெண்டுன்னு வெச்சுக்கிட்டேன். ஒரு அடி அறுபத்திரெண்டரை சென்டிமீட்டருங்க."

"அதுக்குப் பேரு சராசரி."

"அதுவாங்க சராசரி? அது எனக்கு வராதுங்களே," என்றாள்.

ஜூலை 15, திங்கள்

பழைய தாளைப் போர்டில் எழுதிப் போட்டேன். ஹக்கீம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், பதினேழரைங்கறது ஏழோட ரெண்டரை மடங்குங்க. இருபத்திரெண்டு பை ஏழுல பெருக்கும்போது ஏழு அடிபட்டுப் போயிருது. வளைவு சரியா அம்பத்தஞ்சு. அம்பத்தஞ்சும் நாப்பத்தஞ்சும் நூறு. ரெண்டு பக்கமும் சேர்ந்தா எரநூறு."

பத்தொன்பது வருடம் என் சட்டைப்பையில் இருந்த தாள் அது.

"அப்ப ஏழோட மூணு மடங்கு எடுத்துக்கலாமில்ல?" என்றாள் அபிதா. "ஆரம் இருபத்தொண்ணு. வளைவு அறுபத்தாறு."

"நேரா போறது முப்பத்தி நாலு," என்று யாரோ சொன்னார்கள்.

அதன்பிறகு யார் சொன்னது, யார் எழுதியது என்று தெரியவில்லை. போர்டுக்கு முன்னால் பத்துப் பேர் நின்றார்கள். நேர்ப்பகுதி முப்பத்து நாலு, இரண்டு பக்க ஆரமும் சேர்ந்து நாற்பத்திரண்டு, மொத்தம் எழுபத்தாறு. நான்கு பாதைகளின் அகலத்துக்கு இருபுறமும் சேர்த்து இன்னும் ஒன்பதரை. எண்பத்தைந்தரை. எண்பத்தேழுக்குள் அடங்கிவிட்டது. குட்டையாக, கொஞ்சம் குண்டாக ஒரு ஓடுபாதை.

நான் என்னை அறியாமல் விசிலை ஊதிவிட்டேன். ரெஜினா மேரி மேடம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

ஜூலை 16, செவ்வாய்

இன்று எழுத எதுவும் இல்லை.

ஜூலை 17, புதன்

நேற்று எழுதாததை எழுதிவிடுகிறேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு பூவிழி மட்டும் நின்றாள்.

"சார், இதெல்லாம் தெரிஞ்சுகிட்டே எங்கள டெஸ்ட் பண்றீங்களா, இல்ல உங்களுக்கு நெசமாலுமே தெரியாதுங்களா?"

"டெஸ்ட்தான்," என்றேன்.

"சரிங்க சார்," என்று பையை மாட்டிக்கொண்டு போனாள். அவள் நம்பவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று கடைசி பெஞ்சில் இருக்கிறவளுக்குத் தெரியாதா? எனக்கும் தெரியும். நானும் அங்கே உட்கார்ந்தவன்தான்.

இன்று வகுப்பில் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். "பத்தாவதுல கணக்குல நான் இருபத்தியெட்டு. ஃபெயில். அக்டோபர்ல எழுதினேன், மறுபடி ஃபெயில். மூணாவது தடவைதான் பாஸ். அன்னிக்குக் கணக்குப் புத்தகத்தை மூடினவன், போன வாரம்தான் தொறந்தேன். நீங்க போட்டுக் காட்டினது ஒண்ணும் எனக்கு முன்னாடியே தெரியாது."

பக்கத்து வகுப்பில் யாரோ ஆங்கிலப் பாடம் வாசிப்பது கேட்டது.

"அப்ப நாம எல்லாரும் ஒரே டீமுங்களா சார்?" என்றான் ஹக்கீம்.

"ஆமாப்பா."

"அப்ப ஸ்டேகர் எப்படின்னு இன்னும் நம்ம யாருக்குமே தெரியாதுங்களே," என்றான் கவலையாக. எல்லோரும் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தது பூவிழி.

ஜூலை 19, வெள்ளி

இந்த நாளை நான் மறக்க மாட்டேன்.

பத்து நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்தது அந்த ஸ்டேகர்தான். பழைய வளைவுக்கு 7.67. வளைவு பெரிதாகிவிட்டால் அதுவும் பெரிதாக வேண்டுமே, எவ்வளவு? தப்பாகப் போனால் ஒரு பிள்ளை கூடுதலாக ஓடும், இன்னொன்று குறைவாக ஓடும்.

முதலில் நான்கு பேரை ஒரு நீள மூங்கிலைப் பிடித்துக்கொண்டு கொடிக்கம்பத்தைச் சுற்றச் சொன்னேன். கம்பத்தை ஒட்டி நின்றவன் நின்ற இடத்திலேயே திரும்பினான். வெளி நுனியைப் பிடித்த ஹக்கீம் நாக்குத் தள்ள ஓடினான். "ஒரே சுத்துதானுங்க சார், எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" என்று மூச்சு வாங்கக் கேட்டான். அந்த 'இவ்வளவு' எவ்வளவு என்பதுதான் கணக்கு.

பூவிழி சொன்னாள்: "மொதல்ல சின்னதா ஒண்ணு போட்டுப் பாக்கலாங்க சார்."

ஒரு மீட்டர் ஆரத்தில் தரையில் ஒரு வட்டம் கீறினோம். ஒரு பாதையின் அகலம் 1.22 மீட்டர். அவ்வளவு தள்ளி வெளியே இன்னொரு வட்டம். இரண்டின் மேலும் டேப்பை வளைத்து வைத்து அளந்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தோம். ஏழு மீட்டர் அறுபத்தைந்து.

பிறகு ஐந்து மீட்டர் ஆரத்தில். வித்தியாசம் ஏழு எழுபது.

"தப்பா அளந்திருக்கோம்," என்றாள் அபிதா. "அஞ்சு மடங்கு பெருசுல்ல?" மறுபடி அளந்தார்கள். ஏழு அறுபத்தெட்டு.

பூவிழி மண்ணில் உட்கார்ந்து குச்சியால் எழுதிக்கொண்டிருந்தாள். பெரிய வட்டத்தின் சுற்றளவு, சிறியதன் சுற்றளவு. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது இரண்டிலும் இருக்கிற ஆரம் அடிபட்டுப் போனது. மிச்சம் பாதையின் அகலம் மட்டும். 1.22-ஐ இரண்டால் பெருக்கி, இருபத்திரண்டால் பெருக்கி, ஏழால் வகுத்தாள். 7.67.

"சார்," என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "உள்ள வட்டம் எத்தாப் பெருசுங்கறது இதுல வர்றதே இல்லைங்க. வெளிய எவ்வளவு தள்ளி நிக்கறோம்ங்கறதுதானுங்க. கொடிக்கம்பத்தச் சுத்தினாலும் அதேதான், ஊரையே சுத்தி வந்தாலும் அதேதான்."

தாளில் இருந்த எண் சரி. எந்த மைதானத்துக்கும் சரி. பத்து நாள் நான் சோறு இறங்காமல் பயந்ததெல்லாம் வீண். நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு அடங்கவில்லை.

பூவிழி தான் எழுதியதை அழிக்காமல் சுற்றிக் கல் அடுக்கிவிட்டுப் போனாள்.

ஜூலை 21, ஞாயிறு

அரிசி மூட்டை எடுத்து வந்தேன். மின்விசிறி துடைத்தேன்.

ஒன்பதாம் வகுப்புக் கணக்குக் கைடைப் பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். சரோஜினி எடுத்துவந்து மேசைமேல் போட்டாள். "எதுக்குங்க ஒளிச்சு வெச்சுப் படிக்கறீங்க? மூணு தடவை எழுதித்தான் பாஸ் பண்ணினீங்கன்னு உங்க தம்பி கல்யாணத்தன்னிக்கே சொல்லிட்டாரு."

இருபத்தொரு வருடமாகத் தெரியுமாம். ஒரு நாள் கூடக் காட்டிக்கொண்டதில்லை. பிறகு ஸ்டேகர் கதையைச் சொன்னேன். காபி டம்ளரைச் சுற்றிக் கயிறு வைத்துக் காட்டினேன். "அட," என்று தானும் ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

ஜூலை 23, செவ்வாய்

முதல் கோடு போட்டோம். தப்பாகிவிட்டது. இருநூறு வர வேண்டிய இடத்தில் இருநூற்று இரண்டரை வந்தது. கணக்கை மூன்று முறை சரிபார்த்தார்கள், கணக்கில் குறையில்லை. பூவிழி கயிற்றைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தாள். "இது நைலானுங்க சார். இழுத்தா நீளுது." இருபத்தொரு மீட்டர்க் கயிறு, ஹக்கீமின் கையில் நாற்பது சென்டிமீட்டர் நீண்டிருக்கிறது. அவனைக் கட்டைவண்டி மாடு என்று எல்லோரும் கேலி செய்தார்கள்.

ஜூலை 24, புதன்

இரும்பு டேப்பில் போட்டோம். ஓடுகிறவர் கோட்டின் மேல் ஓடுவதில்லை, இருபது சென்டிமீட்டர் தள்ளித்தான் ஓடுவார். விதியும் அப்படித்தான் அளக்கச் சொல்கிறது. அதனால் உள்கோட்டுக்கு ஆரம் இருபது மீட்டர் எண்பது. இதை மட்டும் நான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கும் ஒன்று தெரிந்திருந்ததில் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி.

மையத்திலும் முக்கியமான புள்ளிகளிலும் பூவிழி சோடா மூடியை வைத்து ஆணி அடித்துவிட்டாள். எதற்கு என்று கேட்டதற்கு, "இருக்கட்டுங்க சார்," என்றாள்.

ஜூலை 25, வியாழன்

மழை. கோடு முழுவதும் போய்விட்டது.

ஜூலை 26, வெள்ளி

அதிகாரி பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். காலை ஆறரைக்கு நான் போனபோது மைதானத்தில் இருபது பேர் இருந்தார்கள். சேற்றில் சோடா மூடிகள் மின்னின. ஆணி இருந்ததால் மறுபடி அளக்க வேண்டியதில்லை. ஒன்பதரைக்கு நான்கு பாதையும் பளிச்சென்று வெள்ளையாக நின்றன. பிள்ளைகளும் வெள்ளையாகத்தான் நின்றார்கள், தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

அதிகாரி ஒரு சுற்று நடந்தார். "இந்த மைதானத்துல எரநூறு வராதுன்னு சொன்னாங்களே."

"வந்துருச்சுங்க," என்றேன்.

போட்டி இங்கேதான். நேராக ஓட வேண்டிய நூறு மீட்டர் மட்டும் சந்தைத் திடலில்.

ஆகஸ்ட் 1, வியாழன்

ஊரே வந்திருந்தது. சையது பாய் கடையைப் பூட்டிவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

பிற்பகலில் மாணவியர் இருநூறு மீட்டர் இறுதி ஓட்டம். குலுக்கலில் அபிதாவுக்கு முதல் பாதை. வெளியே நான்காவது பாதை பக்கத்து ஒன்றியப் பள்ளிப் பெண்ணுக்கு. அந்தப் பள்ளியின் பி.டி. ஆசிரியர் முத்துக்குமாரசாமி என்னோடு பல வருடப் பழக்கம். நான் விசில் ஊதப் போகும்போது அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"சென்னியப்பன், ஒரு நிமிசம். போன வருசம் உங்க ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டேலயும் நாலாவது லேனுக்கு இருபத்தி மூணு மீட்டர்தான் முன்னாடி விட்டீங்க. இப்ப வளைவு பெருசாயிருக்குதே. ஸ்டேகரும் கூடணும்ல? எங்க புள்ள சேத்தி ஓட வேண்டியிருக்கும். உங்க புள்ள உள்ள நிக்குது."

கடைசி வார்த்தைதான் சுருக்கென்றது. கூட்டத்தில் முணுமுணுப்பு. நடுவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். பிறகு திரும்பி, "பூவிழி, வாம்மா," என்றேன்.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். "வளைவு எவ்வளவு பெருசானாலும் ஸ்டேகர் மாறாதுங்க சார். நாங்களும் மாறும்னுதான் நெனச்சோம். நீங்க நம்ப வேண்டாங்க, அளந்து பாத்துருங்க. உங்ககிட்ட சக்கரம் இருக்குதுங்களே."

அவர் காரிலிருந்து அளவுச் சக்கரத்தை எடுத்துவந்தார். நான்காவது பாதையின் தொடக்கத்திலிருந்து உருட்டிக்கொண்டு போனார். பின்னால் ஒன்பது 'பி' முழுவதும் சத்தமில்லாமல் நடந்தது. முடிவுக் கோட்டில் குனிந்து படித்தார். இருநூறு மீட்டர் எட்டு சென்டிமீட்டர். முதல் பாதையையும் உருட்டினார். இருநூறு மீட்டர் ஐந்து.

"மூணு சென்டிமீட்டர்," என்றார். சக்கரத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "கணக்கு யார் போட்டது?"

"இவங்கதான்."

"நீங்க?"

"நான் சுண்ணாம்பு போட்டேன்."

அவர் பூவிழியிடம் திரும்பி, "ஏன் மாறாதுன்னு அப்புறமா எனக்குச் சொல்லித் தரணும்," என்றார். ஒரு பெரிய மனிதர் தன்னிடம் அப்படிக் கேட்டதை அவள் எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

ஓட்டம் தொடங்கியது. அபிதாவுக்கு முன்னால் மூன்று பேர் தூரத் தூரமாக ஓடினார்கள். முதல் வளைவில் ஒருத்தியைப் பிடித்தாள். இரண்டாம் வளைவில் இன்னொருத்தியை. கடைசி முப்பத்து நாலு மீட்டரில் நான்காவது பாதைப் பெண்ணும் அவளும் தோளோடு தோள். நெஞ்சளவு வித்தியாசத்தில் அந்தப் பெண் ஜெயித்தாள். முதல் இரண்டு பேருக்கும் மாவட்டப் போட்டி உண்டு. முத்துக்குமாரசாமியும் நானும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். அபிதா மூச்சு வாங்கிக்கொண்டே, "சமமாத்தான் ஓடினோங்க சார்," என்றாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

விசாலாட்சி டீச்சர் வந்துவிட்டார். பேத்தியாம். எல்லோருக்கும் லட்டு.

என்னென்ன பாடம் முடித்தீர்கள் என்று கேட்டார். நான் தயங்கினேன். அவர் பூவிழியின் நோட்டைப் புரட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். "இது அவ எழுதினதா?" என்றார். ஆமாம் என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அடுத்தது முக்கோணவியல். அதையும் நீங்களே மைதானத்துல ஆரம்பிச்சு வெச்சிருக்கலாம்," என்றார்.

"எனக்கு அது சுத்தமாத் தெரியாதுங்க டீச்சர். உங்களுக்கு ஆட்சேபனை இல்லைன்னா நான் வந்து உக்காந்துக்கட்டுங்களா?"

அவர் கேலி என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு, "நாளைக்கு ரெண்டாவது பீரியட்," என்றார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஐந்து சுற்று ஓட்டம்.

இரண்டாவது பீரியட் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பூவிழி நகர்ந்து இடம் கொடுத்தாள். விசாலாட்சி டீச்சர் செங்கோண முக்கோணம் வரைந்து, பக்கங்களுக்குப் பெயர் எழுதி, மளமளவென்று இரண்டு கணக்குப் போட்டார். "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டார். புரிந்தது டீச்சர் என்று வகுப்பு ஒரே குரலில் சொன்னது.

நான் கையைத் தூக்கினேன். எழுந்து நின்று, "எனக்குப் புரியலைங்க டீச்சர்," என்றேன். நாற்பத்தாறு வயதில், ஒரு வகுப்பறையில், முதல்முறையாக.

வகுப்பு திரும்பிப் பார்த்தது. என் பக்கத்தில் பூவிழியின் கை எழுந்தது. அடுத்து ஹக்கீம். அப்புறம் ஒவ்வொன்றாக, பதினேழு கைகள்.

விசாலாட்சி டீச்சர் எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, போர்டை முழுவதும் அழித்தார். புது சாக்பீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, "சரி, மொதல்ல இருந்து வருவோம்," என்றார்.